சக்கரத்தின் மேல் ஒரு குடும்பம்: மும்பையின் இளம் தமிழ்ப் பெற்றோருக்குத் திறந்த மடல்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கும் இளம் தமிழ்ப் பெற்றோருக்கு,

வாடகையோ வீட்டுக்கடன் தவணையோ சம்பளத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே திரும்பி, பிள்ளை தூங்கிய பிறகு வீட்டுக் கதவைத் தட்டும் வாழ்க்கை உங்களில் பலருடையது. மடிக்கணினி இருந்தால் எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று கொரோனாக் காலம் காட்டியது. அப்படியானால் இந்த நகரத்தில் வீடு எதற்கு என்ற கேள்வி அதற்குப் பின் உங்களில் சிலருக்கு எழுந்திருக்கிறது. ஒரு டெம்போ டிராவலரை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் பொருத்தி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டே வாழ்வது என்ற யோசனை இப்போது வெறும் கனவாக இல்லை. மகாராஷ்டிர அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. கேரளமும் அதே ஆண்டு ‘கேரவன் கேரளா’ என்று தொடங்கியது. இது நடக்காத காரியம் என்று சொல்ல நான் எழுதவில்லை. பயணம் பிள்ளைகளுக்குக் கெடுதல் என்றும் நான் நினைக்கவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஓடிக்கொண்டே வாழும் குடும்பத்தைத் தாங்குவது ஓடாமல் ஓரிடத்தில் நிற்கும் பள்ளியும் ரேஷன் கடையும் ஆஸ்பத்திரியும் தாத்தா பாட்டியும் பக்கத்து வீடும்தான். அவற்றில் நமக்குள்ள பிடியை முற்றாக விட்டுவிட்டால் ஏற்படும் இழப்பைப் பணமும் முழுதாக ஈடுகட்டுவதில்லை. பயணம் குடும்பத்துக்கு ஒரு பருவமாக இருக்கட்டும். அதுவே நிரந்தர முகவரியாகிவிட வேண்டாம்.

முதலில் அந்த வண்டிக்குள் ஒரு நாள் எப்படி ஓடும் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விளம்பரப் படங்களில் அது இருப்பதில்லை. கழற்றி எடுக்கக்கூடிய கழிப்பறைப் பெட்டி கிட்டத்தட்ட இருபது லிட்டர்தான் கொள்ளும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அது இரண்டு மூன்று நாளில் நிறைந்துவிடும். ஐரோப்பாவில் அதைக் கொட்டிக் கழுவப் பெரும்பாலான முகாம்களில் இடம் உண்டு. நம் நெடுஞ்சாலைகளில் அப்படி ஓர் இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், கிடைக்காத நாளில் கண்ட இடத்தில் கொட்டும் நிலைமை வரும். வீட்டு காஸ் இணைப்பு முகவரியோடு கட்டப்பட்டது. முகவரிச் சான்று கேட்காமல் கிடைப்பது ஐந்து கிலோ ‘சோட்டு’ சிலிண்டர்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறொரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். சாலை வரியும் கூடவே வரும். இதைத் தவிர்க்க 2021இல் ‘பிஎச்’ வரிசை எண் வந்தது. ஆனால் அது ராணுவத்தினருக்கும் அரசு ஊழியருக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியருக்கும் உரியது. ஊர் மாறும் உரிமையையே நம் சட்டம் ஒரு நிலையான நிறுவனத்தின் பெயரில்தான் தருகிறது. இவை சில்லறைத் தொல்லைகள், சமாளித்துவிடலாம் என்பீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் சமாளிக்கலாம்தான். ஆனால் தண்ணீர், எரிபொருள், கழிவு, காகிதம் என்று எல்லாமே ஓரிடத்தில் இருப்பவருக்காகவே அமைக்கப்பட்ட நாட்டில், இடமில்லாதவர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றுக்கும் தனியாக மன்றாட வேண்டியிருக்கிறது.

டிரெய்லரில் குடும்பம் நடத்துவது நமக்குப் புதிய யோசனையாகத் தோன்றலாம். ஆனால் இந்த மாநிலத்தில் அது பழைய நடைமுறை. தசராவும் தீபாவளியும் கழிந்ததும் பீட், அகில்யாநகர் (முன்னர் அகமத்நகர்), ஜால்னா மாவட்டங்களிலிருந்து லட்சக்கணக்கான மக்கள் கோலாப்பூர், சாங்லி, சாத்தாரா, சோலாப்பூர் பக்கத்துச் சர்க்கரை ஆலைகளை நோக்கிக் கரும்பு வெட்டப் புறப்படுகிறார்கள். சிலர் கர்நாடக எல்லையையும் தாண்டுகிறார்கள். டிராக்டருக்குப் பின்னால் இரண்டு டிரெய்லர். அதில் மடித்த தார்ப்பாய், மூங்கில் கழிகள், தகரப் பெட்டி, மாவு மூட்டை, குடங்கள், கட்டிப்போட்ட ஆடு, இவற்றுக்கு மேல் பிள்ளைகளும் அவர்களைப் பிடித்துக்கொண்டு பெண்களும். அரவை முடியும் மார்ச், ஏப்ரல் வரை ஆலை சொல்லும் தோட்டத்துக்கெல்லாம் போக வேண்டும். தங்குவது ‘கோபி’ என்று அவர்கள் சொல்லும், ஆள் குனிந்து நுழையும் குடிசையில். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தால்தான் ஒரு ‘கோய்தா’, அதாவது ஓர் அரிவாள் கணக்கு. முக்காதம் எனப்படும் மேஸ்திரி பருவம் தொடங்குமுன்னே கொடுக்கும் முன்பணம் அந்த ஜோடிக்குச் சேர்த்துத்தான். ஒருவர் படுத்துவிட்டால் அந்த நாளுக்குப் பிடித்தம். விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டிவிட்டு, நாளெல்லாம் வெட்டிய கரும்பைக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து, பலகைமேல் ஏறி லாரியில் அடுக்கும் வேலையில் பெண்ணுக்கு ஓய்வு எங்கிருந்து வரும்? பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடையே கருப்பை அகற்றும் அறுவை அளவுக்கு மீறி நடக்கிறது என்ற புகார் 2019இல் பெரிதாக வெடித்தது. அரசு அமைத்த குழு அங்கே சுமார் 82,000 பெண்களிடம் கணக்கெடுத்தது. அவர்களில் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பையை எடுத்துவிட்டவர்கள். மாதவிடாய் நாட்களிலும் வேலையை விட முடியாது, கழிப்பறை கிடையாது, மருத்துவம் பார்த்துக்கொள்ள நேரமும் இடமும் கிடையாது என்ற மூன்றும் சேர்ந்த வாழ்க்கையிலிருந்து வந்த எண்ணிக்கை இது.

உடனே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட: அவர்கள் ஏழைகள், கடனால் கட்டுண்டவர்கள்; நாங்களோ விரும்பிப் போகிறோம், எங்களையும் அவர்களையும் ஒரு தராசில் வைப்பது சரியா? முழுதாக ஒரே தராசில் வைக்கச் சொல்லவில்லை. வறுமை செய்யும் கேடு எது, இடம் மாறிக்கொண்டே இருப்பது செய்யும் கேடு எது என்று பிரித்துப் பார்க்கத்தான் சொல்கிறேன். அதற்கு அந்தக் குடும்பங்களின் வாழ்க்கையே வழி காட்டுகிறது. ஆண்டின் ஆறு மாதம் அவர்கள் சொந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அப்போதும் அவர்கள் ஏழைகளே, அப்போதும் முக்காதமின் கடன் தலைமேல் இருக்கிறது. ஆனால் பிள்ளை பள்ளிக்குப் போகிறது, மதியம் சாப்பாடு கிடைக்கிறது, கர்ப்பிணியின் பெயர் அங்கன்வாடி ஏட்டில் இருக்கிறது, ரேஷன் கடைக்காரருக்கு முகம் தெரிகிறது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு கிழவி வீட்டில் இருக்கிறாள். டிரெய்லர் கிளம்பிய நாளில் இவ்வளவும் ஒரே சமயத்தில் அறுந்துபோகின்றன. அதே குடும்பம், அதே ஏழ்மை, அதே கடன். நகர்ந்தது ஒன்றுதான் வேறுபாடு. பள்ளி நடுவருடத்தில் நின்றுபோவதற்கும் தடுப்பூசி தவறுவதற்கும் அண்ணன் படிப்பை விட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்வதற்கும் காரணம் வறுமை மட்டும் இல்லை என்பதை இந்த ஆறு மாத வேறுபாடு காட்டிவிடுகிறது. உங்கள் வண்டியில் குளிர்சாதனம் இருக்கும், கடன் இருக்காது. ஆனால் அறுபடும் இழைகள் அதே இழைகள்தான். காசு கொடுத்து அவற்றில் சிலவற்றை மீண்டும் வாங்கிக்கொள்ளலாம், எல்லாவற்றையும் வாங்க முடியாது.

விரும்பியும் வசதியோடும் வண்டியில் வாழ்ந்தவர்களின் அனுபவத்தைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். அங்கே இது அரை நூற்றாண்டைத் தாண்டிய வழக்கம். முழுநேரமாக வண்டியில் வாழ்பவர்களுக்காக ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்ற தம்பதியர் 1978இல் ‘எஸ்கேப்பீஸ்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பெயரிலேயே தப்பித்து வந்தவர்கள் என்ற பெருமிதம் ஒலிக்கிறது. அந்தச் சங்கம் காலப்போக்கில் தன் உறுப்பினர்களுக்குச் செய்து கொடுத்ததைப் பாருங்கள். டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரில் ஒரு முகவரி. ரெயின்போ டிரைவ் என்ற அந்த ஒரே தெருவின் பெயரில் ஆயிரக்கணக்கானோர் ஓட்டுநர் உரிமமும் கடிதங்களும் வாங்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருவில் குடியிருப்பதில்லை. முகவரி இல்லாமல் வங்கியும் காப்பீடும் வாக்குச்சீட்டும் இல்லை என்பதால் முகவரியை உண்டாக்க வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமானது இரண்டாவது காரியம். உறுப்பினர்களுக்கு வயதாகி, நோய் வந்து, வண்டி ஓட்டும் தெம்பு போனபோது, அதே ஊரில் அவர்களுக்கென்று ஒரு பராமரிப்பு இல்லத்தைச் சங்கம் கட்டியது. வண்டிகளை வரிசையாக நிறுத்திவைத்து அதிலேயே வாழலாம், சாப்பாடும் செவிலியர் உதவியும் பக்கத்திலேயே கிடைக்கும். ஓடுவதையே வாழ்வின் லட்சியமாகக் கொண்டவர்கள் ஒன்றுகூடியபோது கட்டியெழுப்பியது நகராத ஒரு வீட்டை. இது அவர்கள் தோல்வி என்று நான் சொல்லவில்லை. குடும்பத்துக்கு எது தவிர்க்க முடியாதது என்பதை அவர்கள் பட்டறிந்து கண்டுகொண்டார்கள் என்றே சொல்கிறேன். மறுபக்கத்தில், 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டை இழந்து வண்டிகளில் ஏறிய முதியவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய ‘நோமாட்லாண்ட்’ நூலும் அதிலிருந்து எடுத்த படமும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பருவத்துக்குப் பருவம் கிடங்கு வேலையும் சர்க்கரை பீட் கிழங்கு அறுவடை வேலையும் தேடி ஓடும் அந்த வாழ்க்கைக்கும் பீட் மாவட்டத்து டிரெய்லருக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

நம் முன்னோரும் ஊரை விட்டுக் கிளம்பி வந்தவர்கள்தானே, புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு நகராதே என்று புத்தி சொல்லலாமா என்று கேட்பீர்கள். வந்தவர்கள்தான். ஆனால் வந்து சேர்ந்ததும் அவர்கள் எதை முதலில் செய்தார்கள் என்று கவனியுங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடவும் கூலி வேலைக்கும் வந்தவர்கள் தாராவியின் சதுப்பை மேடாக்கிக் குடியேறினார்கள். அங்கே படா மசூதி எழுந்தது 1887இல், கணேசர் கோயில் 1913இல். தாராவியின் முதல் பள்ளிக்கூடமே தமிழ்ப் பள்ளி, ஆண்டு 1924. மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் தொடங்கியது. கிங்ஸ் சர்க்கிளின் சண்முகானந்த சபா 1952இல். கூரைக்கு ஓலை சரியாக இல்லாத காலத்திலேயே பள்ளிக்கும் கோயிலுக்கும் சபாவுக்கும் காசு சேர்த்தார்கள். ஒருமுறை நகர்ந்ததும் அடுத்த நகர்வு வேண்டாம் என்றே அவர்கள் உழைத்தார்கள். நீங்கள் வேலைக்குப் போகும் தகுதியைக் கொடுத்த பள்ளிகளும், உங்கள் பிள்ளை பாட்டும் பரதமும் கற்கும் கூடங்களும் அந்த நிலைகொள்ளலின் பலன்கள். புலம்பெயர்வுக்கும் ஓயாத பயணத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: முன்னது போய்ச் சேரும் இடத்தில் ஒரு சமூகத்தை உண்டாக்குகிறது, பின்னது பிறர் உண்டாக்கிய சமூகங்களின் ஓரத்தில் சில நாள் தங்கிச் செல்கிறது.

ஓரிடத்தில் இருந்ததற்கான சான்று என்ன விலை பெறும் என்பதைத் தாராவி வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருந்ததைக் காட்ட முடிந்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் 2011 ஜனவரி 1க்குள் வந்தவருக்கு இரண்டரை லட்ச ரூபாய்க்கு 300 சதுர அடி, அதுவும் தாராவிக்கு வெளியே. மாடியில் இருந்தவருக்கு வாடகை வீடு. பழைய மின்கட்டண ரசீதையும் வாக்காளர் பட்டியல் பக்கத்தையும் தேடிப் பரண்களைக் கவிழ்த்துப் பார்க்கும் குடும்பங்கள் தொண்ணூறு அடி சாலையின் இரு பக்கமும் இருக்கின்றன. இந்த விதி நியாயமா என்பது தனி வழக்கு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் இந்த நாட்டில் உரிமை என்பது இருப்பைக் காட்டுவதோடு கட்டப்பட்டிருக்கிறது என்ற உண்மையை வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புமுன் நினைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து வருடம் வண்டியில் வாழ்ந்துவிட்டுத் திரும்பும் குடும்பத்துக்குப் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையில், இருப்பிடச் சான்றிதழில், வங்கியில் அந்த ஐந்து வருடமும் வெற்றிடமாகத்தான் நிற்கும்.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் யோசித்திருப்பீர்கள், உங்கள் மறுப்பும் அங்கேதான் வலுவாக இருக்கும். ஹம்பியை நேரில் பார்த்த பிள்ளைக்கு வரலாற்றுப் பாடம் எதற்கு, கடற்கரையில் நடந்து நண்டும் சிப்பியும் பார்த்தவளுக்கு அறிவியல் புத்தகம் எதற்கு என்கிறீர்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது, பதினான்கு வயதானால் பத்தாம் வகுப்புத் தேர்வை அதில் எழுதலாம் என்பதும் உண்மை. பாடத்தைப் பொறுத்தவரை நான் உங்களோடு சண்டை போடமாட்டேன். அக்கறையுள்ள பெற்றோர் வண்டியிலும் நன்றாகக் கற்பிக்க முடியும். என் கவலை பாடத்தைப் பற்றியதல்ல. எட்டு வயதுப் பிள்ளைக்கு உலகம் என்பது இடங்களால் ஆனதைவிட ஆட்களால் ஆனது. நேற்றுச் சண்டை போட்டவனோடு இன்று சமாதானமாகி நாளை மறுபடியும் சண்டை போட வேண்டும். கணக்கு வராதவள் என்று ஒரு டீச்சர் முடிவுகட்ட, அடுத்த வருட டீச்சர் அதை மாற்றி எழுத வேண்டும். தன்னைவிட ஏழையான வீட்டுப் பிள்ளையோடும் பணக்கார வீட்டுப் பிள்ளையோடும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். இவற்றுக்கெல்லாம் அதே ஆட்கள், அதே இடத்தில், நெடுநாள் வேண்டும். முகாமில் சந்தித்த நண்பனை மூன்றாம் நாள் பிரிந்துவிடும் பிள்ளை பிரிவைச் சகிக்கக் கற்றுக்கொள்ளும், பிணக்கைத் தீர்க்கக் கற்றுக்கொள்ளாது. தமிழையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். மும்பையில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் பாடப்புத்தகத்தால் வருவதைவிடப் பாட்டியால், மாடிப்படியில் பேசும் அண்டை வீட்டுக்காரர்களால், மார்கழிக் கோயிலால், சந்தையில் முருங்கைக்காய் விற்பவரால் வருகிறது. அம்மா அப்பா இருவர் மட்டுமே பேசும் மொழி, வண்டிக்குள் ஒரு தலைமுறைகூடத் தாங்காது.

பயணமே தொழிலான குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பிற நாடுகள் செய்ததும் இதையே உறுதிப்படுத்துகிறது. ஜெர்மனியின் நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் சர்க்கஸ் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி 1990களிலிருந்து இயங்குகிறது. ஆசிரியர்கள் வகுப்பறை வண்டிகளோடு சர்க்கஸ் இருக்கும் ஊருக்குப் போகிறார்கள். பிள்ளை ஊர் மாறினாலும் டீச்சர் மாறாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பெற்றோரின் ஆர்வத்தை மட்டும் நம்பாமல் ஒரு மாநில அரசின் அங்கீகாரமும் ஒரு திருச்சபையின் பணமும் இதற்குத் தேவைப்பட்டன.

வண்டியில் வேலை யார் தலையில் விழும் என்பதைக் கணவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். இது குழாயில் தண்ணீர் வரும், வேலைக்கு ஆள் கிடைக்கும், மாமியாரோ அம்மாவோ கைகொடுக்கும் வீடுகளையும் சேர்த்த கணக்கு. வண்டியில் தண்ணீர் பிடிப்பதும், ஒற்றை அடுப்பில் மூன்று வேளைச் சமையலும், துணி காயப்போட இடம் தேடுவதும், பாடம் சொல்லிக்கொடுப்பதும், காய்ச்சல் வந்த பிள்ளைக்குத் தெரியாத ஊரில் டாக்டர் தேடுவதும் கூடுதல். செம்பூரில் ஒரு தாய்க்கு உடம்பு முடியாவிட்டால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர எதிர் வீட்டு அக்கா இருக்கிறாள். வண்டியில் அவளுக்கு இருப்பது கணவன் ஒருவன்தான், அவனும் அந்த நேரத்தில் அலுவலகக் கூட்டத்தில் மடிக்கணினிமுன் இருப்பான். சுதந்திரம் என்று குடும்பம் சொல்வதில் அவள் பங்கு எவ்வளவு என்று அவளிடமே கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிக வலுவானது இன்னும் மிச்சமிருக்கிறது. எதிர் வீட்டு அக்காவெல்லாம் ‘சால்’ எனப்படும் பழைய வரிசை வீடுகளோடு போயிற்று. இருபதாம் மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே எங்களுக்குத் தெரியாது. பாட்டி திருச்சியில் இருக்கிறாள். பிள்ளையை வாரநாட்களில் ஒரு மணி நேரம்கூடப் பார்ப்பதில்லை. வண்டியில் ஏறினால் பிள்ளைக்கு அப்பாவாவது கிடைப்பார் என்பீர்கள். இதை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். இந்த நகரம் உங்கள் நேரத்தைத் தின்கிறது, அது அநியாயம். பிள்ளையோடு இருக்க வேண்டும் என்ற உங்கள் தவிப்பு எந்த வீட்டுக் கடனைவிடவும் மதிப்புள்ளது. ஆனால் அந்தத் தவிப்புக்கு வேண்டியது நேரம். வீட்டிலிருந்து வேலை பார்க்க உங்கள் முதலாளி சம்மதிக்கிறார் என்றால், ரயிலில் போன அந்த மூன்று மணி நேரம் இப்போதே உங்கள் கையில் இருக்கிறது. அதை அடைய வீட்டைத் துறக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாமல் இருப்பதும் கதவைத் தட்டினால் தீரும் குறை. வண்டியில் ஏறினால் தட்டுவதற்குக் கதவே இருக்காது. பயண ஆசையை அடக்கிக்கொள்ளச் சொல்லவில்லை. மே மாதம் முதல் ஜூன் நடு வரை கோடை விடுமுறை இருக்கிறது, தீபாவளி விடுமுறை இருக்கிறது. வாடகைக்குக் கிடைக்கும் கேரவனில் கொங்கணக் கரையோரமாகத் தமிழ்நாடு வரை போய் வாருங்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஒரே ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுங்கள். பள்ளி முதல்வரிடம் பேசி, திரும்பிவரும் வகுப்பு எது என்று எழுத்தில் வாங்குங்கள். தாத்தா பாட்டி இருக்கும் ஊரில் அந்த வருடத்தின் இரண்டு மூன்று மாதம் வண்டியை நிறுத்துங்கள். திரும்பும் தேதியைப் பிள்ளைக்கும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கேரவன் கொள்கை எழுதப்பட்டது உங்களைப் போன்றவர்களை நினைத்து. வண்டி நிறுத்த இடம், தண்ணீர், மின்சாரம், கழிப்பறை, பாதுகாப்பு என்று அதில் சொல்லப்படும் ஒவ்வொன்றும் சர்க்கரை ஆலை வாசலில் ‘கோபி’ போட்டிருக்கும் குடும்பத்துக்கும் தேவை. அவர்கள் இந்த மாநிலத்தின் சாலைகளில் கேரவன் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே டிரெய்லரில் போய்க்கொண்டிருக்கிறார்கள். நகர்பவரோடு உரிமையும் நகர முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2019 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் இடையிலும், ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் இடையிலும் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ 2022க்குள் நாடு முழுதும் வந்துவிட்டது. தாராவியில் கூலி வேலை செய்யும் தென்காசிக்காரர் இப்போது இங்கேயே அரிசி வாங்கலாம். பள்ளியும் அங்கன்வாடியும் அப்படி நகர இன்னும் முழுதாகக் கற்கவில்லை. கொடுத்த உரிமையைப் பறிப்பதும் எளிது. பிரிட்டனில் நாடோடிக் குடும்பங்களுக்கு வண்டி நிறுத்த இடம் தருவது உள்ளாட்சிகளின் கடமை என்று 1968இல் சட்டம் வந்தது, 1994இல் அந்தக் கடமையை நீக்கிவிட்டார்கள். வாங்கிய உரிமையைக் காக்கப் பேசத் தெரிந்தவர்கள் கூடவே நிற்க வேண்டும். உங்களுக்குப் பேசத் தெரியும், எழுதத் தெரியும், அதிகாரிகள் உங்கள் கடிதத்துக்குப் பதில் போடுவார்கள்.

கரும்பு வெட்டுவோரின் பிள்ளைகள் சொந்த ஊரிலேயே தங்கிப் படிக்க 41 தாலுகாக்களில் 82 விடுதிகள் என்று மாநில அரசு 2021இல் திட்டம் அறிவித்தது. தாத்தா பாட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு டிரெய்லரில் ஏறாமல் இருக்க அது ஒரு முக்கியமான வழி. அடுத்த அரவைப் பருவம் தீபாவளியை ஒட்டித் தொடங்கும். அதற்குள் அந்த விடுதிகளில் எத்தனை திறந்திருக்கின்றன, எத்தனை படுக்கைகளில் பிள்ளைகள் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்று சமூக நீதித் துறைக்கு உங்கள் சொசைட்டியின் பெயரிலும், சபாவின் பெயரிலும், தமிழ்ச் சங்கத்தின் பெயரிலும் கடிதம் எழுதிக் கேளுங்கள். செப்டம்பருக்குள் பதில் வரவில்லையென்றால் மறுபடியும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்,
செம்பூர்